மணிக்கு ஒரு கிலோமீட்டர்

அந்தச் சாம்பல் நிறக் காருக்குப் போர்வை போர்த்தியிருந்தார்கள். வெள்ளைத் துணி, நான்கு மூலையிலும் நாடா. ஒர்க்ஷாப்பில் பாதிக் கார்களுக்கு அது கிடையாது. பக்கத்தில் நின்ற என் மஞ்சள் காரின் மேல் ஒரு புறா உட்கார்ந்திருந்தது. இரண்டு நாளாக அது அங்கேயே குடியிருப்பதற்கான தடயங்கள் கண்ணாடியில் தெரிந்தன.

நான் பலரைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். ஒரு காரைப் பார்த்து வயிறெரிந்தது அதுதான் முதல் தடவை.

நடந்தது இதுதான். அப்பாவுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாவது வாரம். மாத்திரை வாங்கப் போனேன். மருந்துக்கடைக்கு வெளியே, கோடு போட்ட இடத்தில், கோட்டைத் தொடாமல் காரை நிறுத்தினேன். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள் நான். அங்கே அளவுக் குழாயில் தண்ணீர் கோட்டுக்கு மேலேயும் போகக் கூடாது, கீழேயும் நிற்கக் கூடாது. திரும்பி வந்தபோது ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் கதவு உள்ளே போயிருந்தது. நான்கு சென்டிமீட்டர் ஆழம். நசுங்கிய இடத்தில் சாம்பல் நிறப் பெயிண்ட். தரையில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் துண்டு.

எதிரே இருந்த பழக்கடைக்காரர் எல்லாவற்றையும் பார்த்திருந்தார்.

“சாம்பல் கலர் காரும்மா. ரிவர்ஸ் எடுத்தாரு, இடிச்சாரு. ஆனா உடனே இறங்கிப் பார்த்தாரு, அதையும் சொல்லணும்.”

“என் காரையா?”

“அவரு காரை. தடவிக் குடுத்தாரு. ஏறிப் போயிட்டாரு.”

“நம்பர் பார்த்தீங்களா?”

“என் போன் நம்பரே எனக்கு ஞாபகம் இல்ல. இதுல அவரு நம்பரா?”

எங்கள் கார் சின்னது. இரண்டே கதவு. பக்கத்து இருக்கையைக் கடைசி வரை பின்னால் தள்ளினால்தான் அப்பா காலை நீட்டி உட்கார முடியும். அந்தக் கதவுதான் இப்போது திறக்கவில்லை. வாரம் மூன்று நாள் அவரைப் பிசியோதெரபிக்கு அழைத்துப் போக வேண்டும். அங்கே ஒரு இயந்திரத்தில் காலை வைத்து முழங்காலைக் கொஞ்சம் கொஞ்சமாக மடக்குவார்கள். அப்போது அறுபத்திரண்டு டிகிரி மடங்கியது. ஆறு வாரத்துக்குள் தொண்ணூறு வர வேண்டும். வராவிட்டால் மயக்க ஊசி போட்டு டாக்டரே பலமாக மடக்கிவிடுவார்.

வாடகைக் கார் கூப்பிட்டோம். அதன் இருக்கை பின்னால் நகரவில்லை. தெருமுனை தாண்டுவதற்குள் அப்பா போட்ட சத்தத்தில் டிரைவர் தானும் கத்தி, எங்களை வாசலிலேயே திருப்பி இறக்கிவிட்டார்.

“இனிமே நம்ம கார் வந்தாத்தான் கிளம்புவேன்,” என்றார் அப்பா. “மயக்க ஊசிக்கும் வரமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்.”

இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு நான் சம்பவ இடத்திலிருந்தே போன் செய்துவிட்டேன். ஆனால் நாற்பத்தைந்து நிமிடம் கழித்து. எனக்குப் போனில் பேச வராது. சொல்ல வேண்டியதை எழுதி வைத்துக்கொண்டுதான் பேசுவேன். மாத்திரைப் பையின் பின்புறம் எழுதி, அடித்து, திருத்தி எழுதி, படித்தேன். “பதிவாகிவிட்டது. வகை இரண்டு,” என்றார்கள். இரண்டு என்றால் என்ன என்று கேட்க நான் எழுதி வைக்கவில்லை.

கார் அவர்கள் சொன்ன ஒர்க்ஷாப்புக்குப் போனது. அங்கே கண்ணாடியில் அட்டை ஒட்டினார்கள்: வகை இரண்டு. போர்வை போர்த்திய காரின் அட்டையில் வகை ஒன்று என்று இருந்தது. வகை ஒன்றின் உரிமையாளர்கள் காத்திருக்க ஏ.சி. போட்ட கண்ணாடி அறை, சோபா, தண்ணீர் பாட்டில். வகை இரண்டுக்கு பெஞ்சு. அதில் ஏற்கெனவே ஒரு டயர் உட்கார்ந்திருந்தது.

தினமும் பதினோரு மணிக்கு மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு அட்டையைப் பார்த்துப் போனில் படிப்பார்: “வணக்கம் சார். உங்கள் கார் நலமாக இருக்கிறது. உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னது.” சாம்பல் கார்க்காரருக்கான அழைப்பு அது. நான் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். என் போனை எடுத்து, ஒருவேளை அது சைலண்டில் இருக்கிறதோ என்று பார்ப்பேன். இல்லை.

நான்காவது நாள் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் சர்வேயர் சேதத்தை மதிப்பிட வந்தார். கையில் டேப்பும் எண்களைப் பதிகிற கருவி ஒன்றும். நசுங்கலை அளந்தார். நான் ஏற்கெனவே அளந்ததைச் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

“விபத்து நேரத்துல வண்டி என்ன வேகத்துல போச்சு?”

“போகலை சார். நின்னுட்டிருந்தது.”

“சரிம்மா. நின்னுட்டு என்ன வேகத்துல போச்சு?”

“நிக்கிற வண்டிக்கு வேகம் பூஜ்ஜியம் சார்.”

பூஜ்ஜியத்தை அழுத்தினார். கட்டம் சிவப்பானது. மறுபடி அழுத்தினார். மறுபடியும் சிவப்பு.

“ஏத்துக்க மாட்டேங்குதே. கேக்கிறதும் நியாயம்தானே? வேகமே இல்லாம விபத்து எப்படி நடக்கும்?”

“வேகம் அவருக்கு இருந்தது சார்.”

“எவருக்கு?”

“இடிச்சவருக்கு.”

“யாரு இடிச்சது?”

“தெரியலை.”

“யாருன்னே தெரியாதவரோட வேகத்தை நான் எப்படிம்மா போடறது? மனசாட்சின்னு ஒண்ணு இருக்குல்ல.” கொஞ்ச நேரம் யோசித்தார். “குறைஞ்சபட்சம் ஒண்ணு போடறேன். உங்களுக்காக. சில சர்வேயருங்க கண்ணை மூடிக்கிட்டு இருபதுன்னு போட்டுடுவாங்க.”

நான் நன்றி சொன்னேன்.

“டிரைவர் அப்ப எங்க இருந்தாரு?”

“மருந்துக்கடையில. நான்தான் டிரைவர்.”

‘ஓட்டுநர் வண்டியில் இல்லை’ என்று பதிந்துகொண்டார். இப்படியாக என் கார், ஆளே இல்லாமல், மணிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது உறுதியானது. அவருக்கு அதில் முரண்பாடு எதுவும் தெரியவில்லை. இரண்டும் வேறு வேறு கட்டங்கள்.

வீட்டில் அப்பா கேட்டார்.

“கார் எப்ப வரும்?”

“விசாரணை நடக்குதுப்பா.”

“யார் மேல?”

“நம்ம கார் மேல.”

“அது நல்ல காராச்சே,” என்றார் அப்பா. வீட்டிலேயே ஸ்டூலில் காலை வைத்து மடக்கிப் பார்த்தோம். அறுபத்தாறு.

அடுத்த வாரம் சாம்பல் காரைக் கழுவுவதற்காகப் போர்வையை எடுத்தார்கள். நான் பெஞ்சிலிருந்து எழுந்தேன். பின்விளக்கின் ஓரத்தில் ஒரு துண்டு உடைந்திருந்தது. பம்பரில் மஞ்சள் நிறம் இழுவிக் கிடந்தது. கைப்பையிலிருந்து சிவப்புத் துண்டை எடுத்து வைத்துப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. எங்கள் ஆய்வகத்தில் இதற்கு மேல் உறுதி கேட்க மாட்டார்கள்.

மெக்கானிக் பைப்பை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

“அதை உள்ள வையுங்க தங்கச்சி. வெளிய தெரிஞ்சா வம்பு.”

“யாருக்கு?”

“உங்களுக்குத்தான். வேற யாருக்கு?”

அவர் பேச்சை நான் கேட்கவில்லை. அன்றே கிளெய்ம் பிரிவுக்குப் போனேன். மூன்றாவது மாடி. சுவரில் பெரிய எழுத்தில் ‘உங்கள் இழப்பில் எங்கள் வளர்ச்சி’ என்று எழுதியிருந்தது. பெருமையாகத்தான் எழுதியிருந்தார்கள். அதிகாரி ஒரு அம்மா. குரல் தேன். என் காகிதத்தைப் புரட்டினார்.

“இடிச்சவர் யாருன்னு தெரியலைன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க?”

“அப்போ தெரியலை மேடம். இப்போ தெரிஞ்சுபோச்சு. ஒர்க்ஷாப்ல என் கார் பக்கத்துல நிக்கிற சாம்பல் கார்தான்.”

பேனாவைக் கீழே வைத்தார். டாக்டர்கள் கெட்ட செய்தி சொல்வதற்கு முன் அப்படித்தான் வைப்பார்கள்.

“ஏம்மா இப்படிப் பண்ணீங்க? தெரியாமலே இருந்திருந்தா ‘அறியப்படாத வாகனம்’ தலைப்புல ஏதாவது பார்த்துச் செஞ்சிருப்பேன். தெரிஞ்சுக்கிட்டு வந்து நிக்கிறீங்களே.”

“தெரிஞ்சா நல்லதுதானே? அவர்கிட்ட கேட்கலாமே.”

“அவரு எங்க வாடிக்கையாளர்மா. அவரைப் போய் எப்படிக் கேக்கிறது?”

“நானும் உங்க வாடிக்கையாளர்தான் மேடம்.”

“அதனாலதான் உங்ககிட்ட இவ்வளவு மனசு விட்டுப் பேசறேன்.” நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். “அவரு சம்பவம் நடந்து ஆறே நிமிஷத்துல போன் பண்ணிட்டாரு. அடுத்த தெருவுல ஓரம் கட்டி நின்னு. குரல் நடுங்கியிருக்கு. நீங்க நாற்பத்தஞ்சு நிமிஷம். குரல் சாதாரணம்னு குறிச்சிருக்காங்க. எங்க விதி ரொம்பத் தெளிவு. முதல்ல சொன்னவங்கதான் பாதிக்கப்பட்டவங்க, வகை ஒண்ணு. வலிச்சவங்கதானே முதல்ல கத்துவாங்க? நீங்களே சொல்லுங்க.”

“என்ன சொன்னாரு போன்ல?”

“அதெல்லாம் அவரோட அந்தரங்கம். வெளிய சொல்லக் கூடாது.” ஃபைலைத் திறந்து மெதுவாகப் படித்தார். “‘பின்னால் ஒரு மஞ்சள் நிறப் பொருள் எதிர்பாராமல் இருந்தது.’ பாவம்.”

“அவருக்கு என்ன வேகம் போட்டிருக்கு மேடம்?”

“வகை ஒண்ணு ஃபாரத்துல வேகக் கட்டமே கிடையாது. அடிபட்ட மனுஷனைப் பார்த்து வேகம் கேக்கிறது பண்பா? மனநிலைன்னு ஒரு கட்டம் இருக்கு. ‘மிகுந்த வேதனை’ன்னு நிரப்பியிருக்காரு.”

என் ஃபாரத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லை. நான் எவ்வளவோ நிரப்பியிருப்பேன்.

சாட்சியமாகச் சிவப்புத் துண்டை மேஜையில் வைத்தேன். அவர் முகம் மாறியது.

“இது அவரோட விளக்குல இருந்தது இல்ல?”

“ஆமா மேடம். அதைத்தான் நானும் சொல்றேன்.”

“உங்க கைப்பையில எப்படி வந்துச்சு?”

ரசீது எழுதி வாங்கிக்கொண்டார்கள். ‘வகை ஒன்றின் உடைமை, வகை இரண்டிடமிருந்து மீட்கப்பட்டது.’ நான் கையெழுத்துப் போட்டேன். திருட்டு என்று எழுதாமல் விட்டதற்கு நான் அவருக்குக் கடமைப்பட்டிருப்பதாக அவரே சொன்னார்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இங்கே அதற்கு ஏ.சி. அறையும் தண்ணீர் பாட்டிலும் கொடுத்திருந்தார்கள். அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது அந்த மனிதரைப் பற்றியே நினைத்துக்கொண்டு வந்தேன். கோபம் வரவில்லை. அவருடைய ஆறு நிமிடத்தின் மேல், அந்த நடுங்கிய குரலின் மேல், பொறாமைதான் வந்தது. இடித்துவிட்டு, நூறு அடி ஓட்டிப் போய், ஓரம் கட்டி, ஒரு வரிகூட எழுதி வைத்துக்கொள்ளாமல் அழ முடிகிறதே. கொடுத்து வைத்தவர்.

ஐந்தாவது வாரம் முடிந்தது. அப்பாவின் முழங்கால் எழுபத்தொன்றில் நின்றுவிட்டது. ஸ்டூலில் இதற்கு மேல் வராது, இயந்திரம் வேண்டும் என்றார் பிசியோதெரபிஸ்ட். டாக்டர் பார்க்கும் நாளுக்கு எட்டு நாள் இருந்தது. அப்பா பழைய துண்டு ஒன்றை வாயில் கடித்துக்கொண்டு, “நீ அழுத்தும்மா, பார்த்துக்கலாம்,” என்றார். அழுத்தினேன். எழுபத்தொன்றுதான். துண்டு கிழிந்தது.

ஒர்க்ஷாப்பில் மெக்கானிக்கிடம் கெஞ்சினேன்.

“உங்க கதவு அரை நாள் வேலை தங்கச்சி. உள்ள இருந்து நாலு தட்டு, பெயிண்ட், முடிஞ்சுது. ஆனா பேப்பர் வராம நான் சுத்தியலை எடுத்தா என் கையை எடுத்துடுவாங்க.” சுற்றுமுற்றும் பார்த்தார். “ஒரு வழி இருக்கு. வகை மூணு.”

“அது என்ன?”

“தப்பு என்னுதுதான்னு எழுதிக் குடுக்கிறவங்க. அவங்க காரெல்லாம் மூணு நாள்ல பளபளன்னு போயிடும். ஃபைல் முடிஞ்சுபோச்சுன்னு ஆபீஸ்ல அவ்வளவு சந்தோஷம். போர்வைகூட உண்டு.”

“போர்வை உண்டா?”

அப்பாவின் காலுக்காகத்தான் ஒத்துக்கொண்டேன். ஆனால் போர்வையைப் பற்றி நான் இரண்டாவது தடவையும் கேட்டேன் என்பது உண்மை.

மறுநாள் காலை மூன்றாவது மாடிக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும் அதிகாரி எழுந்து நின்றார். அவர் நின்று நான் பார்த்ததே இல்லை.

“உட்காருங்க மேடம்,” என்றார். நான் ‘ஏம்மா’விலிருந்து ‘மேடம்’ ஆன நேரம் காலை பத்து இருபது. “உங்களை மாதிரி நேர்மையானவங்களை இப்பல்லாம் பார்க்கிறதே அபூர்வம். எல்லாரும் நான் செய்யலை, நான் செய்யலைன்னுதான் வர்றாங்க. எவ்வளவு சுயநலம் பாருங்க. எங்களுக்கு உண்மை முக்கியம் இல்லன்னு வெளிய பேசிக்கிறாங்க மேடம். தப்பு. உண்மை ரொம்ப முக்கியம். முடிவுக்கு இடைஞ்சல் பண்ணாத வரைக்கும்.”

வாக்குமூலத்தை அவரே தயாரித்துக் கொடுத்தார். சர்வேயர் பதிந்ததை வைத்தே எழுதியிருந்தது. ‘எனது வாகனம், நான் அதில் இல்லாத நேரத்தில், மணிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில் சென்று, புறப்பட்டுக்கொண்டிருந்த வேறொரு வாகனத்தின் பின்பகுதியில் தனது கதவால் மோதியது. மோதிய பின் ஓட்டுநர் அவ்விடத்தில் இல்லை.’

“கடைசி வரி எதுக்கு மேடம்?”

“நீங்க அங்க இல்லைதானே?”

“மருந்துக்கடையில இருந்தேன்.”

“அதேதான். இடிச்சிட்டு நிக்காம போனதுன்னு இதுக்குத்தான் பேரு.”

கதவு எப்படி முன்னால் போய் மோதும் என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. பக்கவாட்டில் இருக்கிற ஒரு பொருள், பக்கவாட்டில் நகராத ஒரு காரில்... அப்பாவின் வாயிலிருந்த துண்டு ஞாபகம் வந்தது. கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு என் போன் அடித்தது. “வணக்கம் மேடம். உங்கள் கார் நலமாக இருக்கிறது. உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னது.” மெக்கானிக் சிரிப்பை அடக்கிக்கொண்டு படித்தார். இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன்.

போய்ப் பார்த்தேன். புறா இல்லை. வெள்ளைப் போர்வை, நான்கு நாடா. கண்ணாடி அறையில் என்னை உட்காரவைத்தார்கள். சோபா நான் நினைத்ததைவிட ஆழம். வெளியே பெஞ்சில், டயருக்குப் பக்கத்தில், பின்பக்கம் நசுங்கிய நீலக் காரின் சொந்தக்காரி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். தண்ணீர் பாட்டிலைத் திறந்து, தாகம் இல்லாவிட்டாலும், மெதுவாகக் குடித்தேன்.

கார் மூன்றாவது நாள் வீட்டுக்கு வந்தது. கதவு ஒரு விரலால் தள்ளினால் திறந்தது. அப்பா காலை நீட்டி உட்கார்ந்தார். “நான் சொல்லலை? நல்ல கார்,” என்றார். அன்று எழுபத்தெட்டு. அடுத்த நாள் எண்பத்திரண்டு. டாக்டர் பார்க்கிற நாள் காலையில், இயந்திரத்தில் எண்பத்தைந்தில் போய் நின்றது.

“போதும். இதுக்கு மேல வராது,” என்றார் அப்பா. நெற்றியெல்லாம் வியர்வை. இன்னும் ஒரு மணி நேரத்தில் டாக்டர் வந்து அளப்பார். பிசியோதெரபிஸ்ட், “கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும், குமிழைத் தொடாதீங்க,” என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

அப்போது போன் வந்தது. அதிகாரி.

“மேடம், ஃபைலை மூடறதுக்கு ஒரே ஒரு சின்னச் சடங்கு பாக்கி. வகை மூணு, வகை ஒண்ணுகிட்ட மன்னிப்புக் கேட்கணும். சொந்தக் குரல்ல. சார் லைன்ல இருக்காரு.”

“நான் எதுக்கு மேடம்...”

“கேட்கலைன்னா ரிப்பேர் அனுமதி ரத்தாயிடும். உங்க பழைய நசுங்கலைச் சர்வேயர் படம் பிடிச்சுப் பத்திரமா வெச்சிருக்காரு. அதே மாதிரி திருப்பிச் செஞ்சுடுவோம். ஒர்க்ஷாப்ல எல்லா வசதியும் இருக்கு.”

எழுதி வைத்துக்கொள்ள நேரம் இல்லை. “மன்னிச்சுடுங்க சார்,” என்றேன். குரல் நடுங்கியது. நடுங்க வேண்டிய அன்று நடுங்காத குரல்.

“அட, பரவாயில்லம்மா!” அவருக்கு அருமையான குரல். நிதானம், கனிவு. “யாருக்கும் நடக்கிறதுதான். நான் அன்னிக்கே மன்னிச்சுட்டேன். என் வீட்லகூடச் சொன்னேன், பாவம், தெரியாம நிறுத்தியிருப்பாங்கன்னு. ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. இடிக்கிறது பெரிய விஷயம் இல்ல. இடிச்சிட்டு நிக்காம போறோம் பாருங்க, அதுதான் தப்பு.”

“சரி சார்.”

“அப்பாவுக்கு மூட்டு ஆபரேஷனாமே? ஒர்க்ஷாப்ல சொன்னாங்க. சீக்கிரம் நல்லாயிடுவாரு. நான் வேண்டிக்கிறேன்.”

போனை வைத்தேன். அப்பா கண்ணைத் திறந்தார்.

“யாரும்மா?”

“நம்ம காரை இடிச்சவரு.”

“என்னவாம்?”

“என்னை மன்னிச்சுட்டாராம். உங்களுக்காக வேண்டிக்கிறாராம்.”

அப்பா கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். எனக்காக ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

“தங்கமான மனுஷன்,” என்றார். “இந்தக் காலத்துல யாரு இப்படி இருக்கா?”

கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. மனசார, கண் கலங்கச் சொன்னார். மூன்று வாரம் நான் பெஞ்சில் உட்கார்ந்தேன், பஸ்ஸில் போனேன், துண்டு கிழிய அழுத்தினேன், இடிக்காததை இடித்தேன் என்று எழுதிக் கொடுத்தேன். என்னைத் தங்கம் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. வெள்ளி என்றுகூடச் சொன்னதில்லை.

இயந்திரத்தின் குமிழ் என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. ஐந்து டிகிரி திருப்பினேன்.

அப்பா போட்ட அலறலில் அடுத்த அறையிலிருந்து பிசியோதெரபிஸ்ட் ஓடிவந்தார். காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குனிந்து அளவுகோலைப் பார்த்தார்.

“தொண்ணூறு,” என்றார்.